பாதி நுரை

எல்லாம் மூடியிருந்தும்
மீட்டருக்குள் சிவப்பு முள் சுற்றிக்கொண்டிருந்தது.
நடைபாதை ஓரம் இரும்பு மூடியைத் தூக்கிக்
கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன்.
யாரும் குடிக்காத தண்ணீருக்கு இந்த மாதம்
ஆயிரத்து எழுநூறு ரேண்ட்.

பின்பக்கக் குழாய்தான்.
துவைக்கும் தொட்டிக்கு மேலே
சுவர் ஊறிப் பாசி பிடித்து,
கீழே மூன்று மதும்பி இலைகள்
யாரும் நடாமல் முளைத்து
என் காசில் பெருத்திருந்தன.
மைத்துனர் தேவேந்திரன் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு
"ஞாயித்துக்கெழம வரேன்" என்றார்.
எந்த ஞாயிறு என்று நானும் கேட்கவில்லை.

சாட்ஸ்வொர்த் கடையில் லுங்கேலோ என்ற பையன்
அரை அங்குலமா, முக்காலா என்றான்.
சுண்டுவிரலை நீட்டிக் காட்டினேன்.
விரலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து
இரண்டிலும் இரண்டு வாஷர் எடுத்து வைத்தான்.
வெள்ளை டேப் ஒரு சுருள்.
எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு முழங்கை, ஒரு துண்டுக் குழாய்.

தெருமுனைத் திருகை மூடிவிட்டு
ஸ்பேனரோடு உட்கார்ந்தேன்.
அசையவில்லை.
எண்பத்தொன்பதில் அப்பா
சுவருக்கு அடித்த வெள்ளிப் பெயிண்டை
மிச்சம் வீணாகக்கூடாதென்று
குழாய்க்கும் அடித்திருந்தார், மரையோடு சேர்த்து.
சமையல் எண்ணெய் விட்டேன்.
வெந்நீர் விட்டேன்.
கடைசியில் அப்பாவைத் திட்டினேன், அதற்குத்தான் அசைந்தது.
ஆனால் திரும்பியது குழாய்த் தலை இல்லை,
குழாயே.
சுவருக்குள் கடக்கென்று ஒரு சத்தம்.
துருப்பிடித்த முழங்கை பாதி கையில்,
பாதி செங்கல்லுக்குள்.

அப்போதுதான் பக்கத்துக் கதவு திறந்தது.

இரண்டு வீட்டுக்கு ஒரு கூரை, நடுவில் ஒரு சுவர்.
எண்ண மீட்டர் இரண்டு,
மூடத் திருகு ஒன்றுதான்.
கவுன்சில் கட்டிய சிக்கனம்.
மறந்தே போனேன்.

கனகசபைப் படையாச்சி நின்றார்,
தோளில் துண்டு,
தலையில் பாதி நுரை,
எரிச்சலில் ஒரு கண் மூடியிருந்தது.
"தண்ணி?" என்றார்.
ஆறு தீபாவளிக்குப் பிறகு
அவர் என்னிடம் சொன்ன முதல் சொல்.
உடைந்த முழங்கையைத் தூக்கிக் காட்டினேன்.
பார்த்தார். உள்ளே போனார்.
கவுன்சிலுக்குப் புகார் போகப்போகிறது என்று நினைத்தேன்.

நீலப் பிடி போட்ட பெரிய ரெஞ்சோடு வந்தார்.
செங்கல்லுக்குள் இருந்ததை அவர் கவ்விப் பிடிக்க
நான் உளியால் சுற்றிச் சுரண்ட,
பல் பிடுங்கின மாதிரி வந்தது.
நுரை அதற்குள் அவர் காதோரம்
உப்பாகக் காய்ந்துவிட்டது.

"மரை போற பக்கமா சுத்தணும்.
எதிரா சுத்துனா அவிழ்ந்துரும்."
சுற்றினேன்.
அவர் நாயின் பேர் சீசர்.
எங்கள் வாசல் சரவெடியில் மிரண்டு ஓடி
மெயின் ரோட்டில் அடிபட்டது.
இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியபோது
என் பல்லுக்கிடையில் டேப் இருந்தது.

பழைய வாஷர், நகம் அளவு கருப்பு ரப்பர்.
ஒரே இடத்தில் நெருக்குண்டு நெருக்குண்டு
நடுவில் ஒரு பள்ள வளையம்.
இதற்கா ஆயிரத்து எழுநூறு என்று
அவர் அதைச் சட்டைப்பையில் போடப்போனார்.
சட்டை இல்லை.
தொட்டி விளிம்பில் வைத்தார்.

திருகைத் திறந்தேன்.
குழாய் இருமியது, செம்மண் துப்பியது,
அப்புறம் கண்ணாடித் தண்ணீர்.
மூடியதும் ஒரு சொட்டு தொங்கியது.
இரண்டு பேரும் காத்திருந்தோம்.
பெருவிரலால் அவர் அதைத் துடைத்தார்.
அடுத்தது வரவில்லை.

"சரி" என்று போய்விட்டார்.
சுவருக்கு அந்தப் பக்கம்
குளியலறைக் குழாய் ஊளையிடத் தொடங்கியது.
நான் தெருவுக்கு ஓடி மூடியைத் தூக்கினேன்.
அவர் முள் சுற்றியது.
என் முள் நின்றிருந்தது.

மறுநாள் தேவேந்திரன் கருவிப்பெட்டியோடு வந்து
திறந்து மூடிப் பார்த்து
"நல்லாத்தானே இருக்கு" என்றார்.

தினமும் அந்தச் சொட்டுக்கு அண்ணாந்து நிற்கும் மைனா
அன்றும் வந்தது.
குழாயின் வாயைத் தலைசாய்த்துப் பார்த்தது,
பிறகு என்னை.
நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தேன்.