ஜூலையில் கொக்குகள்

தீயணைப்பு வண்டிகள் இரண்டையும்
வெயிலில் தள்ளி நிறுத்திவிட்டு
அவை நின்ற இடத்தில் மேசை போட்டிருக்கிறார்கள்.
தரையில் எண்ணெய்க் கறை.
மேசைகளில் தரையைத் தொடும் ஊதா விரிப்பு.
ஊதாச் சட்டை, நெஞ்சில் கொக்கு: ஊரே வந்திருக்கிறது.
முதல் ஆட்டத்துக்கு இன்னும் எட்டு வாரம்.
நெப்ராஸ்காவில் ஜூலை மாதம்
சோளமும் எங்கள் வாய்ப்பேச்சும்தான் வளரும்.

போன பருவம் இரண்டு வெற்றி, ஒன்பது தோல்வி.
அதை யாரும் எடுப்பதில்லை.
"சின்ன வயசுப் பையன்கள்" என்கிறார்கள்,
சாவு வீட்டில் சொல்வது போல.

மார்லிஸ் தன் உருளைக்கிழங்கு சாலட்டை
ஐஸ்மேல் வைத்துக் காவல் நிற்கிறாள்.
பயிற்சியாளர் டென்ஹார்ட் மைக்கைத் தட்டுகிறார்.
எல்லோரும் நலம், எல்லோரும் தயார் என்கிறார்.
கைதட்டுகிறோம். காசா, பணமா.

கையெழுத்து வரிசை வளைந்து
தண்ணீர்க் குழாய்ச் சுருள்கள் வரை போகிறது.
பந்து வீசுகிறவனுக்கு முன்னால் அறுபது பேர்.
தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் குழந்தைகள்,
புஜத்தில் தொங்கிப் பார்க்க.
கடைசி மேசையில் லேன் குச்சேரா,
மூடி திறந்த மார்க்கர் பேனாவோடு.
அவன் முன்னால் கெட்சப் புட்டிகள்.
கெட்சப் எடுக்க வருகிறவர்கள்
கெட்சப்பையே பார்க்கிறார்கள்.

முப்பத்தொரு கஜம். நவம்பர். காற்றே இல்லை.
மிச்சம் நான்கு விநாடி.
இரண்டு கம்பங்களுக்கு நடுவே போகவேண்டிய பந்து
இடப்பக்கம் நிறுத்தியிருந்த
பாண்டு வாத்தியக்காரர்களின் பேருந்துமேல் விழுந்தது.
டொம்மென்ற அந்தச் சத்தம்.
அடுத்துக் கேட்டது என் சத்தம்.

கத்தியதை இங்கே எழுதமாட்டேன்.
ஞாயிறுதோறும் தேவாலயத்தில்
காணிக்கைத் தட்டு ஏந்துகிறவள் நான்.
அவனுக்குப் பத்தொன்பது வயது.
அரங்கமே அப்போது மூச்சடங்கிக் கிடந்தது,
அதுதான் பிசகு.

கெட்சப் எடுக்கத்தான் போனேன்.
சத்தியமாக.

"போஸ்டர் வேணுமா?" என்றான்.
வேணும் என்றேன். பேர் கேட்டான்.
வெல்டா. எழுத்தெழுத்தாகச் சொன்னேன்,
நேரம் கடத்த.
விரிப்பு விலகியது. கீழே
வலது காலில், முழங்காலுக்குக் கீழ் முழுக்க மாவுக்கட்டு.
"வைக்கோல் வண்டியிலேர்ந்து விழுந்துட்டேன்.
விரிப்புக்குள்ளயே வெச்சுக்கோன்னுட்டார்."
ஊன்றுகோல் இரண்டும்
சுவரில் கோடாரிகளோடு கோடாரியாய்ச் சாத்தியிருந்தன.
மைக்கில் இன்னும் எல்லோரும் நலமாக இருந்தார்கள்.

மூன்று வாரக் கட்டு. ஒரு கிறுக்கல் இல்லை.
என் மகன் கை ஒடித்துக்கொண்டபோது
ஒரே நாளில் வெள்ளை தெரியாமல் போயிற்று.

"நான் போடட்டுமா?"
அவன் பேனாவை நீட்டினான்.

ஐம்பத்தெட்டு வயதில், மூட்டு இரண்டும் முனக,
மேசைக்கடியில் போனேன்.
மார்லிஸ் பார்த்திருப்பாள். பார்க்கட்டும்.
மன்னிப்பு என்று எழுத இடம் போதாது என்று
எனக்கே பொய் சொல்லிக்கொண்டேன்.
எழுதியது இவ்வளவுதான்:
பதினான்காம் வரிசை, ஒன்பதாம் இருக்கை.

நான் எழுந்து வந்தபோது அவன் குனிந்து
தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தான்.
இரண்டே எண். நெடுநேரம் வாசித்தான்.
"வலதுபக்கக் கோடியா?"
ஆமாம்.
"அங்கேர்ந்து நல்லாவே கேக்கும்" என்றான்.

சிரித்தானா தெரியவில்லை. அதற்குள்
புகைப்படத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார்கள்.
கொக்கு வேடம் போட்ட பையன்
இறகுக்குள் வியர்த்தபடி ஒற்றைக் காலில் நின்றான்,
வருஷா வருஷம் செய்கிற கோமாளித்தனம்.
பக்கத்தில், கட்டுப்போட்ட காலைப்
பின்னுக்கு மடக்கிக்கொண்டு, லேன்.
இவனும் கொக்கு காட்டுகிறான் என்று
கூட்டம் விசிலடித்தது.

பிடித்துக்கொள்ள ஒரு தோள் வேண்டியிருந்தது அவனுக்கு.
உயரத்துக்கு நான் சரியாக இருந்தேன்.

படத்தில் பாதிதான் விழுந்திருக்கிறேன்:
ஒரு தோள், அதில் ஐந்து விரல்,
கையில் கெட்சப் புட்டி.