பத்தொன்பது கட்டடங்கள்

ஜனவரி. இரவு பதினொன்றரை.
பூட்டிய அலுவலகத்தின் மீட்டர் பெட்டி முன்
டார்ச்சோடு நிற்கிறேன்.
உள்ளே யாரும் இல்லை.
சிவப்புப் பொட்டு மட்டும்
விட்டுவிட்டு மின்னிக்கொண்டே இருக்கிறது.

கோத்தகிரி நகராட்சி, மின் மேற்பார்வையாளர் நான்.
பள்ளிகள், சமுதாயக்கூடம், பம்ப் அறை, இந்த அலுவலகம்
என்று பத்தொன்பது கட்டடங்கள்.
மூன்று வருட பில்களை நோட்டில் ஏற்றி
யூனிட்டுக்கு முக்கால் கிலோ கரியமில வாயு எனப் பெருக்கி
மன்றக் கூட்டத்தில் வாசித்தேன்.

ஒன்பதாவது வார்டு லோகாம்பிகை எழுந்தார்:
"நம்ம கரண்ட் குந்தா தண்ணிதானே,
இதுல கரி எங்க வந்துச்சு?"
சிரித்தார்கள். நல்ல கேள்விதான்.
கம்பிக்குள்ளே தண்ணியையும் கரியையும்
பிரிச்சுக் கொடுக்க ஆளில்லைங்க, என்றேன்.
நாம எல்லாரும் சேர்ந்து ஹீட்டரைத் தட்டினால்
மேட்டூர்ல இன்னும் கொஞ்சம் எரியும்.
அவர் உட்காரவில்லை.
"அப்ப நாங்க நடுங்கணுமா?"

அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.
மன்றத்தின் சுவரில் இருந்தது.
வெள்ளைக்காரன் காலத்துக் கணப்படுப்பு,
பீரோவை நகர்த்தி யாரோ மறைத்தது.
இடுக்கில் கையை விட்டேன்.
காற்று என் விரல்களை மேலே இழுத்தது.

மூன்று ஹீட்டர். எத்தனை குளிர்காலமோ.
சூடெல்லாம் புகைக்கூண்டில் ஏறி
தேயிலைச் சரிவைத் தாண்டி
மேகத்துக்குப் போயிருக்கிறது.
கொத்தனார் சவரிராஜ் ஏறி இறங்கினார்.
கையில் காலியான கூடு ஒன்று.
வைக்கோலோடு பின்னிக்கிடந்த
தேர்தல் நோட்டீஸ் துண்டில் ஒரே ஒரு சொல்:
தவறாமல்.

பலகை அடித்தோம்.
பதினாறு கண்ணாடி மாற்றினோம்,
சட்டங்களின் விரிசலுக்கெல்லாம் பட்டி.
சோலார் தகட்டுக்கு வந்த விலைப்புள்ளியில்
பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.
ஜூன் மூடுபனியில் அந்தத் தகடு என்ன செய்யும் என்பது
வேறு தீர்மானம். ஒத்திவைப்பில் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் ஒரே ஹீட்டர்.
நடுவில் லோகாம்பிகை
சால்வையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.
மினிட்ஸில் அது ஏறாது.

சரி, இந்தப் பொட்டு ஏன் மின்னுகிறது?
சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்குகிறேன்.
வரி வசூல்: மாற்றமில்லை.
பிறப்பு இறப்பு: மாற்றமில்லை.
பின்கட்டு: பொட்டு தயங்கியது.
தடுப்பூசிக் குளிர்ப்பெட்டி!
பதறி ஏற்றினேன். திட்டுவதுபோல் உறுமிற்று.

மீதி எங்கே போகிறதென்று
ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.
காவலர் பெள்ளனின் தகரக் கொட்டகை.
கட்டிலுக்கடியில் செங்கல்,
அதில் சுற்றிய கம்பி சிவந்து கிடக்கிறது.
குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுத் தூங்குகிறார்.
வெளியே புல் வெளுக்கத் தொடங்கிவிட்டது.
கதவுக்கு அடியில் நான்கு விரல் இடைவெளி.

நோட்டைப் பிரித்து எழுதினேன்:
கட்டடம் இருபது. பட்டியலில் விடுபட்டது.
முதலில் கதவு.

சுவிட்சைத் தொடவில்லை.