கால் அடி

"ஓசியா? அப்ப கெட்டுப்போனா
யாரைத் திட்றது?" என்றார் இக்ராமுல்லா பாய்,
பேரணாம்பட்டுத் தோல் கிடங்கில்
புது மென்பொருள் ஏற்றிய அன்று.

மூன்றாம் நாளே கெட்டது.
ஏழேகால் அடித் தோலை
ஏழென்று எழுதிற்று.
நானூறு தோல். நூறு அடி காணோம்.
என்னைத் திட்டினார்.

நிரல் திறந்தே கிடந்தது,
அடுத்த வீட்டு அடுக்களைபோல
நுழையத்தான் கூச்சம்.
ராத்திரி இரண்டு மணிக்கு நுழைந்தேன்.
ஒரே வரி.
திருத்தி, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

விடிவதற்குள்,
பெயர் வாயில் நுழையாத ஊரிலிருந்து ஒருத்தி:
"எங்கள் தோலிலும் கால் அடி உண்டு. நன்றி."

"நம்ம கணக்கு சரியாச்சா?"
"ஆச்சு பாய்."
"அவங்களதுமா?"
"அவங்களதும்."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அப்ப பில்லு யாருக்குப் போடறது?"

லாரி வந்துவிட்டது.
தோல் எண்ணப் போனேன்.