சந்தா நோட்டு

கபாலேவுக்கு மேலே, மேகம் வந்து கால் நனைக்கும் ஊர்.
சாலை எங்களுக்கு இரண்டு மலை கீழேயே முடிந்துவிடும்.
அதற்குப் பிறகு தோள்தான்.

பிரம்பில் பின்னிய தூக்கு. இரண்டு கழி, நான்கு முனை.
எங்கோசி என்போம்.
பிள்ளையை முதுகில் கட்டும் துணிக்கும் அதே பெயர்.
அதன் பேரில் ஒரு சங்கம்,
சங்கத்துக்கு ஒரு நோட்டு,
நோட்டுக்கு நான்.

உருளைக்கிழங்கு விற்ற வாரம்
வீடு வீடாகப் போய் நிற்பேன்.
தலைக்கு இவ்வளவு ஷில்லிங், வருடத்துக்கு ஒரு தடவை.
கட்டியவருக்கு ஆஸ்பத்திரியில் அட்டை செல்லும்.
கட்டாதவரையும் தூக்குவோம், அது அட்டைக்கு முந்திய வழக்கம்.
ஆனால் தோள் வாசல் வரைக்கும்தான் செல்லுபடி.

துர்யசிங்குராவின் வரிசையில் மூன்று கட்டம் காலி.
முதல் வருடம் கிழங்கில் கருகல் விழுந்தது.
அடுத்த வருடம் பையனுக்குப் பள்ளிச் சீருடை.
மூன்றாவது வருடம் காரணம் ஏதும் சொல்லவில்லை;
நான் மேடேறி வருவதைப் பார்த்து
வாழைக்குள் நுழைந்துவிட்டான்.
நானும் கூப்பிடவில்லை.

ஏப்ரலில் ஓர் இரவு கொம்பு ஊதியது.
அவன் மனைவி கியோஷாபிரே. இரண்டு நாளாக வலி.
பின்பக்க இடது முனை எனக்கு.
மழையில் கழி வழுக்கியது.
ஒவ்வொரு வளைவிலும் அவள்
"இறக்காதீங்க" என்றாள், "இறக்காதீங்க".
நானோ மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்:
கத்தி வைத்தால் எவ்வளவு,
ரத்தம் ஏற்றினால் எவ்வளவு.
அந்தக் கணக்குக்காக இன்றைக்கும் கூசுகிறது.
கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பிள்ளை பிழைத்தது. அவளும்.
விடிந்ததும் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தான் புருஷன்.
"ஆடு வாங்குவதில்லை" என்றார் குமாஸ்தா.
போன வருடம் ஒன்று பிரசவப் பதிவேட்டை
ஜனவரியிலிருந்து மார்ச் வரை தின்றுவிட்டதாம்.
சிரித்துவிட்டோம். அவன்கூட.
பிறகு ரசீது வந்தது.
அதைக் கட்டும் வரை அவள் வார்டைத் தாண்டக்கூடாது.

ஞாயிறு, தேவாலயத்துக்குப் பின்னால் சங்கம் கூடியது.
நின்சீமா எழுந்தாள்.
"என் புருஷனின் குடலிறக்கத்துக்கு
கீழ் அடுக்கில் இரண்டு வயலை விற்றேன்.
அன்றைக்குச் சங்கம் கிடையாது.
வந்த நாளிலிருந்து முட்டை விற்றுக் கட்டுகிறேன்,
ஒரு வருடம் பாக்கி உண்டா, நோட்டைப் பாருங்க.
கட்டாதவனுக்கும் நாம் கட்டினால்
அடுத்த அறுப்புக்கு இந்த ஆள் வரும்போது
யார் வீட்டுக் கதவு திறக்கும்?"

இந்த ஆள், நான்தான்.
யாரும் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது.
எதிரே அவன் கயிற்றைக் கையில் சுற்றி
அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தான்.
ஆடு சந்தையில் பாதி விலைக்குப் போயிருந்தது,
மீதிக் கடன் முழுசாய் நின்றது.
தீர்மானம் எழுத நோட்டைத் திறந்தேன்.
குளிரில் மை இறங்கவில்லை என்று மூடினேன்.
மை இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

பதினோராம் இரவு மறுபடி கொம்பு.
முதல் வளைவு வரை
தூக்கில் யார் என்று நான் கேட்கவில்லை.
மணி அடிக்கும் பையன், காய்ச்சலில் உளறினான்.
முன்பக்க வலது முனையில் துர்யசிங்குரா.
அவனுக்கு ஓரடி முன்னே நின்சீமா,
டார்ச்சை அவன் கால் படும் இடத்தில் பிடித்தபடி.
மலை இறங்கும் வரை
இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தவள் கியோஷாபிரே.
முதுகில் பிள்ளை, கையில் துடைப்பம்,
வீட்டுக்காரி மாதிரி.

"நேராகப் போங்க. இடது பக்கம் விளக்கு எரியாது.
டாக்டர் தூங்குகிறார், நான் எழுப்புகிறேன்.
பேனா வைத்திருப்பவரிடம் மட்டும்
விடியும் வரை பேர் சொல்லாதீங்க."