கூட்டக் குறிப்பில் ஏறாதவை

பத்தரைக்குக் கூட்டம்.
சுருக்கெழுத்துக்காரி நான் போய்ச் சேர்ந்தது
பதினொன்று இருபதுக்கு.
வண்ணார்பேட்டையில் ஏறிய பஸ்
ஆற்றுப்பாலத்தின் நடுவில்
உறுமிக்கொண்டே நின்றுவிட்டது.
கீழே தாமிரபரணி போய்க்கொண்டிருந்தது.
அதற்கு சிக்னல் கிடையாது.

மூன்று மாநகராட்சிகள், ஒரு மேசை, ஆறிப்போன டீ.
நெல்லையில் சார்ஜ் ஏற்றிய மின்சார பஸ்
தூத்துக்குடிக்கு இரண்டு நடை போகும்,
மூன்றாம் நடைக்குப் படுத்துவிடும்.
அங்கே ஒரு பிளக் வேண்டும்.
நாகர்கோவிலில் இன்னொன்று.
மூன்றும் ஒரே அளவில்.
கம்பத்தை யார் நடுவது, பில்லை யார் கட்டுவது என்று
சம்பந்தி வீட்டார் சீர் பேசுவதுபோல்
ஒன்றரை மணி நேரம்.

அதுவரை வாய் திறக்காத
தூத்துக்குடி எஞ்சினியர் லூர்து மச்சாது
பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து விரித்தார்.
வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது.
"எங்க வீட்டு மாடிக் கொடியில
ஒரு ராத்திரி கெடந்தது சார்.
உங்க பஸ்சு புகை விடாது, சரி.
கரண்டு எங்கருந்து வருது?
எங்க ஊர்ல கரி எரிச்சு.
உங்க பாலத்துப் புகைய
ஒயர் வழியா எங்களுக்கு அனுப்பப் போறிய.
அவ்வளவுதானே?"

மின்விசிறி மட்டும் பேசியது.
தலைமை வகித்த சங்கரநயினார்
என் பக்கம் திரும்பி,
"இத எழுத வேண்டாம்மா" என்றார்.
சாம்பல் என்பதற்கு
ஒரு வளைவும் ஒரு புள்ளியும் போதும்.
பென்சில் எப்போதோ போட்டுவிட்டிருந்தது.

நாகர்கோவில் தாணுமாலயன்
பிஸ்கட்டை மென்று முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:
"முப்பந்தல்ல ஆடிக்காத்து ஆளைத் தள்ளும்.
ராத்திரி ஊரு ஒறங்கும்,
காத்தாடி ஒறங்காது.
அந்நேரம் பஸ்சுக்கு ஏத்துனா என்ன?"
கயத்தாறையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர்.
வரைபடம் வந்தது.
ஒரு வழுக்கை, ஒரு நரைத்த கொண்டை,
நெற்றிக்கு ஏற்றிய ஒரு மூக்குக்கண்ணாடி,
காலையிலிருந்து முதல்முறையாக
ஒரே தாளின் மேல் குனிந்தன.

"சரி, ஆடி முடிஞ்சா?"
லூர்து கேட்டதற்கு
யாரிடமும் பதில் இல்லை.
கைக்குட்டையை அவர் திருப்பி எடுக்கவில்லை.
வரைபடத்தில், கடல் ஓரத்தில்,
அவர் ஊரை மூடிக்கொண்டு கிடந்தது அது.

நாலு மணிக்குத் தட்டச்சு செய்தேன்.
தீர்மானம் ஒன்று: பிளக் ஒரே அளவு.
இரண்டு: இரவில் காற்றாலை மின்சாரமே முதலில்.
மூன்று: ஆடிக்குப் பிறகு?

தீர்மானத்துக்குக் கேள்விக்குறி கூடாது.
தெரியும், பதினெட்டு வருஷ சர்வீஸ்.
சங்கரநயினாரின் பேனா
அந்த வரியில் கொஞ்சம் நின்றது,
பிறகு கீழே இறங்கிக் கையெழுத்திட்டது.
மற்ற இருவரும் போட்டார்கள்.

திரும்பும்போது அதே பாலம்,
அதே இடத்தில் பஸ்.
கைக்குட்டையை எடுத்து மூக்கில் பொத்தினேன்.
பாலம் தாண்டியதும்
எடுத்துப் பார்த்தேன்.