கரண்ட் போன நேரத்துக் கணக்கு

அம்மாப்பேட்டையில்
எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்
விசைத்தறிகள்.
பதினாறு வருஷமாகக் கத்தியே பாடம் நடத்துகிறேன்.
ஒளிச்சேர்க்கையைக்கூடச்
சண்டை போடுகிற குரலில்தான் சொல்லித்தர முடியும்.

காசநோய் ஊர்வலம் போகச் சொல்லிச்
சுற்றறிக்கை வந்தது.
தட்டி, கோஷம், ஒரு போட்டோ.
போன வருஷத்துத் தட்டியே பீரோவுக்குப் பின்னால் இருந்தது,
‘ஒழிப்போம்’ என்பதில்
கடைசிப் புள்ளி மட்டும் மழையில் கரைந்து.

திரும்பி வரும்போது சுஹைனா கேட்டாள்:
“ரெண்டு வாரம் இருமினா டெஸ்ட் எடுக்கணும்னு கத்துனோமே மிஸ்,
தறி ஓடுறப்ப
யாரு இருமுறாங்கன்னு யாருக்குக் கேக்கும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை.
மறுநாள் கரண்ட் போனது.

அத்தனை தறியும் ஒரே மூச்சில் நிற்க
தெரு இருமியது.
மாடியில் ஒன்று.
சாயப்பட்டறைப் பக்கம் ஒன்று.
வாயில் துண்டை அமுக்கி, வெளியே விடாமல் ஒன்று.
நாற்பத்து மூன்று தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின,
பெயர் தெரியாத பறவையைத் தேடுகிற மாதிரி.

அப்படித்தான் தொடங்கியது.
கரண்ட் போனால் நோட்டை எடு.
பெயர் வேண்டாம், கதவு எண் போதும்.
எத்தனை இருமல், எத்தனை நாளாய்.
யாரையும் பார்த்து விரல் நீட்டாதே.
விதிகளை நான்தான் சொன்னேன்,
நடுநடுவே இருமிக்கொண்டு.
சாக்பீஸ் தூள்.

வெள்ளிக்கிழமை நோட்டுகளோடு உட்கார்ந்தேன்.
‘12: ராத்திரி மட்டும்.’
‘40: மாமா. பீடின்னு சொல்றார்.’
‘27: அக்கா. பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க,
வெளிய சொல்லக் கூடாது.’

தீர்த்தகிரியின் நோட்டில் ஒரே வரி.
பரீட்சைத் தாளிலும் அவனுக்கு ஒரு வரிதான் வரும்.
‘8-ஆ வகுப்பு, கரும்பலகைப் பக்கம்.
பதினேழு. இருபத்திரண்டு நாளாய்.’

சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினேன்,
மறுபடி மூடினேன்.

சுகாதார நிலையத்தில்
சின்ன டப்பா ஒன்று தந்தார்கள்.
மூடியில் கதவு எண் இல்லை,
என் பெயர்.

இருக்கிறது என்றார்கள்.
ஆறு மாசம் மாத்திரை, தப்பாமல்.
முதல் வாரங்களுக்கு வீட்டிலேயே இருங்கள்.
ஆசிரியர் அறையில் என் டம்ளரை யாரோ
குழாயடியில் தனியாகக் கவிழ்த்து வைத்ததாகக் கேள்வி.
அது பரவாயில்லை.

பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேரையும்
பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள்.
அந்த ஒன்பது ராத்திரி நான் விழித்திருந்த கணக்கு
எந்த நோட்டிலும் இல்லை.
ஒருத்தருக்கும் இல்லை என்று போன் வந்தபோது
அரிசி களைந்துகொண்டிருந்தேன்.
களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்தேன்.

27-ஆம் கதவுக்கு இருந்தது.
கல்யாணத்தைத் தை மாசத்துக்குத் தள்ளியிருக்கிறார்கள்,
நிறுத்தவில்லை.

திரும்ப வந்த அன்றைக்குத்
தட்டியில் எழுதாத ஒன்றைச் சொன்னேன்:
மாத்திரை போட்டால்
ஒண்ணுக்கு ஏற்காட்டு ஆரஞ்சு நிறத்தில் போகும்.
பயந்து மருந்தை விட்டுவிடக் கூடாது.
வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.
27-இன் தங்கை மட்டும் சிரிக்காமல்
எழுதிக்கொண்டாள்.

போன செவ்வாய், உணவுச் சங்கிலி.
கரண்ட் போனது.
தறிக்கு மேலே கத்தப்போய்
என் ‘வெட்டுக்கிளி’ மட்டும்
அறைக்குள் தனியாக மோதி நின்றது.

யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை.
கடைசி பெஞ்சில் தீர்த்தகிரி
பென்சிலைத் தூக்கிப் பிடித்திருந்தான்.
எனக்குத் தொண்டையில் கரகரப்பு.
இந்தத் தடவை நிஜமாகவே சாக்பீஸ்தான்.
விழுங்கப் பார்த்தேன்.
எதற்கு விழுங்க வேண்டும் என்று
இருமினேன்.

“ஒண்ணு,” என்றான்.