நாலு செக்கன்

பாமசிக்கு மேலே இரண்டாம் மாடி,
ஐம்பது கதிரை, பதினொரு பேர்.
கீழே காலி வீதி
ஹோர்ன் அடித்தபடி தெஹிவளைப் பக்கம் நகர்கிறது.
படத்துக்காக வந்தேன் என்று சொல்லமாட்டேன்,
குடை இல்லை.

திரையில் ஒரு யூத எழுத்தாளன்.
ஒரே நாவல். விற்றது இருநூற்றுப் பன்னிரண்டு.
பிழைப்புக்கு மரண அறிவித்தல் எழுதுகிறான்,
கஞ்சர்களை வள்ளல்களாக்கி
சொல்லுக்கு இவ்வளவென்று எண்ணி வாங்குகிறான்.
பத்திரிகையில் அதே பக்கத்தைத்தான் நான்
பதினெட்டு வருடமாக ஒப்புநோக்குகிறேன்.
கதிரையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவன் பேசும் மொழி எங்களில் எவருக்கும் தெரியாது.
ஆங்கில எழுத்தோ
உதடு மூடி நாலு செக்கனுக்குப் பிறகுதான் வருகிறது.
அவன் முகம் அழத் தொடங்கும்போது
முந்தின பகிடி கீழே வந்து நிற்கும்.
நாங்கள் சிரிப்போம்.
மன்னிப்புக் கேட்பதுபோல் உடனே நிறுத்துவோம்.

அவனுக்கு ஒரு தாய்.
கைப்பையை நெஞ்சோடு அணைத்து
புத்தகக் கடைக்குள் போவாள், ஆள் பார்ப்பாள்,
மகனின் நாவலை அடித்தட்டிலிருந்து உருவி
விலைபோகும் புத்தகங்களின் மேல் வைப்பாள்.
பிறகு தெரியாதவள் போல் அதையே தூக்கி
"ஆர் எழுதினது இது? நல்லாயிருக்கே!" என்பாள்
கடைக்காரனுக்குக் கேட்கும்படி.
மூன்றாம் வரிசையில் தவமலர்
மூக்கால் சிரித்து வாயைப் பொத்தினாள்.
வெள்ளவத்தைக் கடையில்
தம்பியின் கவிதைத் தொகுப்பைச்
சோதிடப் புத்தகங்களுக்கு மேலே மாற்றி வைக்கிறவள் அவள்.
போன மாதம் பிடிபட்டாளாம்.

சரியாக அவன் கடவுளோடு
ஒரு காற்புள்ளிக்காகச் சண்டை பிடிக்கையில்
கரண்ட் போனது.

ஒருவரும் எழும்பவில்லை.
இருட்டில் ஜல்தீன், சுங்கத்தில் இருந்து ஓய்வானவர்:
"கடைசியில அவன் சாவான்."
"பகிடிப் படத்தில சாகமாட்டான்" என்றார் பல்வைத்தியர் ரிழா.
"அழுகைப் படம் இது."
"இல்லை, பகிடி."
பின்வரிசையிலிருந்து மிஸிஸ் வண்டோர்ட்
"சத்தம் போடாதீங்கோ" என்றா,
படம் ஓடிக்கொண்டிருப்பது போல.

நாற்பது நிமிடம்.
கரண்ட் வந்தபோது விட்ட இடத்தை லக்மால் தொலைத்திருந்தான்,
வெகு பின்னுக்கிருந்து, புத்தகக் கடையிலிருந்து போட்டான்.
தாய் கைப்பையை அணைத்து உள்ளே வருகிறாள்.
இப்போது எங்களுக்கு எல்லாம் தெரியும்.
அவள் ஆள் பார்க்க, நாங்களும் ஆள் பார்த்தோம்.
அவள் வாய் திறந்த கணமே
பதினொரு பேரும் சிரித்தோம்
எழுத்துக்குக் காத்திராமல்,
அந்த மொழியில் பிறந்தவர்கள் மாதிரி.
எழுத்து ஆறுதலாக வந்து
பஸ்ஸைத் தவறவிட்டவன் போல் தரிப்பில் நின்றது.

அவன் சாகவில்லை.
தாய்தான்.
அவளுக்கான அறிவித்தலை எழுத உட்கார்ந்து
ஒரு பெருமையும் கூட்டாமல்
"இருநூற்றுப் பன்னிரண்டில் நாற்பது பிரதி வாங்கியவர்"
என்று மட்டும் எழுதி,
சொற்களை எண்ணி,
தன் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து மேசையில் வைத்தான்.
நாலு செக்கன்.
ரிழா மூக்கைச் சிந்தினார்.
"பகிடி எண்டுதானே சொன்னன்" என்றார், ஒருவரும் கேட்காமலே.

இப்படியொரு படத்தை ஏன் எவரும் சொல்லவில்லை என்று
ஒருவரையொருவர் குற்றம் சாட்டியபடி படியிறங்கினோம்.
அடுத்த வியாழனும் அதையே போடச் சொன்னோம்.
ஆளுக்கு நாலு பேரைக் கூட்டி வருவதாக வாக்கு.
வந்தது ஏழு பேர்,
அதில் ஒருவர் பாமசி தேடி வழி தவறியவர்.
மழைகூட இல்லை.
மருந்துச் சீட்டோடு ஓரமாக இருந்த அவருக்குப் பக்கத்தில்
போய் இருந்தேன்.
புத்தகக் கடை வந்தது.
முழங்கையால் மெல்ல இடித்தேன்:
"இப்ப பாருங்கோ."